சேலத்துச் சரக்கு முதலில் எந்த நாட்டுக்கு? வங்கதேசம், இலங்கை, நேபாளம்: ஓர் ஒப்பீடு

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியதிலிருந்து, என்னிடம் ஏற்றுமதி ஆவணம் போட வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: பக்கத்து நாட்டுக்கு அனுப்பினால் என்ன? இளம்பிள்ளையில் தறி ஓட்டுபவர், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர், நூல் மில்லுக்கு ஏஜெண்டாக இருப்பவர் என்று ஆள் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. கேட்ட கையோடு பயத்தையும் சொல்லிவிடுவார்கள். "அண்ணா, அங்க ஆட்சி மாறிடுச்சே, நம்மகிட்ட முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்களாமே, சரக்கு போனா பணம் வருமா?"

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 5-ல் ஷேக் ஹசீனா பதவியை விட்டு இந்தியாவுக்கு வந்தார். மூன்று நாளில் முகமது யூனுஸ் தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது. அடுத்த மாதமே இலங்கையில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் இளைஞர்கள் தெருவில் இறங்க, பிரதமர் கே.பி. சர்மா ஒலியின் அரசு இரண்டே நாளில் கவிழ்ந்து சுசீலா கார்க்கி பிரதமரானார். ஏறக்குறைய பதின்மூன்று மாதத்தில் மூன்று அண்டை நாட்டில் தலைமை மாறியிருக்கிறது. அதில் இரண்டு, வாக்குச்சீட்டால் நடந்தவை அல்ல. இதை நான் எழுதுவது 2025 டிசம்பர் நடுவில். வங்கதேசம் 2026 பிப்ரவரி 12-க்கும் நேபாளம் மார்ச் 5-க்கும் தேர்தல் நாள் குறித்திருக்கின்றன. அதனால் தலைவர்கள் பெயர் இன்னும் மாறலாம்.

பெயர் மாறினாலும் கீழே உள்ள கணக்கு பெரும்பாலும் நிற்கும் என்பதுதான் என் எண்ணம். ஆட்சி மாறியதால் வியாபாரம் அடியோடு நின்றதை நான் பார்த்ததில்லை. சரக்கு நுழையும் வாசல் மாறும். அந்த மாற்றத்தைத் தாங்கும் சரக்கு எது, தாங்காத சரக்கு எது என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெள்ளிக் கொலுசை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அதன் விதிகள் தனி. 2025 டிசம்பரில் வெள்ளி கிலோ இரண்டு லட்சத்தைத் தொட்டபோது புதுச் சந்தை தேடும் தைரியம் செவ்வாய்ப்பேட்டையில் யாருக்கும் இருந்ததாகவும் தெரியவில்லை.

எதை வைத்து எடை போடுவது

நட்பு, பகை என்ற கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். தலைவர்கள் கைகுலுக்கும் படத்தைப் பார்த்துச் சரக்கு ஏற்றியவரும் உண்டு, கொடி எரிக்கும் வீடியோவைப் பார்த்துக் கைக்கு வந்த ஆர்டரை விட்டவரும் உண்டு. பார்க்க வேண்டிய இடம் வேறு.

முதலாவது, வாசல். லாரியில் நில எல்லையைத் தாண்டுகிறதா, துறைமுகம் வழியாகப் போகிறதா? இரண்டு அரசுகள் கோபித்துக்கொண்டால் முதலில் கை வைப்பது நில எல்லைச் சுங்கச் சாவடியில்தான். வரிசையாக நிற்கும் லாரிகள் தொலைக்காட்சியில் நன்றாகத் தெரியும், கோபம் காட்டியதாகவும் ஆகும். துறைமுகத்தில் அப்படிச் செய்ய மனசு வராது. அதே துறைமுகத்தில்தான் அவர்களுடைய எண்ணெயும் கோதுமையும் இறங்குகிறது.

இரண்டாவது, அந்த நாட்டுக்குள் உங்கள் சரக்கு வேண்டும் என்பவர் யார், வேண்டாம் என்பவர் யார். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. யார் பிரதமர் என்பதைவிட, அந்த நாட்டு ஆலைக்காரர்கள் சங்கம் என்ன மனு கொடுத்திருக்கிறது என்பதைத் தேடிப் படியுங்கள்.

மூன்றாவது, பணம்: எந்த நாணயத்தில், எத்தனை நாளில், யார் பொறுப்பில். நான்காவது, சரக்கு திரும்பி வந்தால் உள்ளூரில் தள்ள முடியுமா. ஐந்தாவது, வாங்குபவர் இங்கே வந்து பார்க்க முடியுமா, நீங்கள் அங்கே போய்க் கேட்க முடியுமா. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

வங்கதேசம்: பெரிய சந்தை, நீண்ட தவணை

இந்தியப் பருத்தி நூலுக்கு உலகத்தில் முதல் வாடிக்கையாளர் வங்கதேசம்தான். அங்கே ஆயத்த ஆடைத் தொழிலின் பசி அப்படி. இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: 2025-ல் அமெரிக்கா வங்கதேசத்துக்குப் போட்ட வரி 20 சதவீதம், நமக்கு 50. திருப்பூர் இழக்கும் ஆர்டரில் ஒரு பங்கு டாக்கா பக்கம் போனால், அந்த பனியனுக்கு நூல் வேண்டும். அது சேலம், நாமக்கல் மில்லில் இருந்தும் போகலாம்.

இனி வாசலைப் பார்ப்போம். இரு நாட்டுக்கும் நடுவே 4,096 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. அதில் பெட்ராபோல், பேனாபோல் சாவடிதான் பிரதானம். ஆட்சி கவிழ்ந்த வாரத்தில் அங்கே சில நாள் லாரி நின்றது, பிறகு ஓடியது. உண்மையான இறுக்கம் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. 2025 ஏப்ரல் 8-ல் இந்தியா, வங்கதேசச் சரக்கு நம் நிலம் வழியாக நம் துறைமுகம், விமான நிலையம் போய் மூன்றாம் நாட்டுக்குச் செல்லத் தந்திருந்த வசதியை நிறுத்தியது. அடுத்த வாரமே வங்கதேசம் நில எல்லை வழியாக இந்திய நூல் வருவதற்குத் தடை போட்டது. மே 17-ல் இந்தியா, வங்கதேச ஆயத்த ஆடை கொல்கத்தா, நவசேவா துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம் என்றது. ஜூனில் சணல் பொருட்கள் மீதும் கட்டுப்பாடு வந்தது.

இதைப் படித்தால் பதிலுக்குப் பதில் என்றுதான் தோன்றும். நூல் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. அங்குள்ள நூற்பாலைக்காரர்கள் இந்தத் தடையை அதற்கு முன்பிருந்தே கேட்டு வந்தார்கள். இந்திய நூல் மலிவாக வந்து தங்களை அழிக்கிறது, நில எல்லையில் நூலின் பருமனைச் சொல்லும் நம்பரைச் சோதிக்க வசதியில்லாததால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொண்டுவருகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அரசியல் கெட்டிருந்த நேரத்தில் அந்த மனுவுக்குக் கையெழுத்து கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அதே நாட்டில் பின்னலாடை ஆலைக்காரர்கள் இந்திய நூல் வேண்டும் என்று நிற்கிறார்கள். அதனால்தான் சட்டோகிராம் துறைமுகத்தைத் தொடவில்லை. நூல் சண்டைக்கு நாலு மாதம் முன்பு, இரு தரப்பும் அறிக்கைப் போரில் இருந்த 2024 டிசம்பரிலேயே இந்திய அரிசிக் கப்பல் அதே சட்டோகிராமில் இறங்கியது. தேவையான சரக்குக்கு எப்படியும் ஒரு வாசலைத் திறந்து வைப்பார்கள்.

நமக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. பஞ்சாப் மில்லுக்கு நில எல்லைதான் சுருக்கமான வழி; அவர்களுக்கு அடி பலம். சேலத்திலிருந்து தூத்துக்குடி நானூறு கிலோமீட்டருக்குள். கடல்தான் நமக்கு இயல்பான வழி. நஷ்டப்பட்டது சின்ன ஆட்கள்: கொல்கத்தா குடோனுக்கு ஒரு லாரி நூலை அனுப்பி, அங்கிருந்து எல்லை தாண்ட வைத்தவர்கள். கடலில் போவதென்றால் கண்டெய்னர் நிரம்ப வேண்டும், அதற்கு முதல் வேண்டும்.

முதல் என்று சொன்னதும் பணத்துக்கு வரலாம். வங்கதேச ஆலை உங்களுக்குத் திறப்பது பெரும்பாலும் பேக் டு பேக் எல்சி. எல்சி என்பது, ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம். ஐரோப்பியக் கடைக்காரர் ஆலைக்காரருக்குக் கொடுத்த எல்சி-யை வைத்து அவர் உங்களுக்கு ஒன்று திறக்கிறார், அதுதான் பேக் டு பேக். தவணை 90 முதல் 120 நாள் வரை சர்வசாதாரணம். அவர் தைத்து, அனுப்பி, அவருக்குப் பணம் வந்து, அப்புறம்தான் உங்களுக்கு. 2022 முதல் இரண்டு வருடம் அங்கே டாலர் தட்டுப்பாடு இருந்தபோது, வங்கி ஒப்புக்கொண்ட பில்லுக்கே பணம் தள்ளித் தள்ளிப் போனது. 2023 ஜூலையில் ரூபாயில் வர்த்தகம் செய்யலாம் என்று இரு நாடும் தொடங்கி வைத்தன. அது பெரிதாக ஓடவில்லை.

ஆவணத்தில் ஓர் இடத்தை மட்டும் கிட்டப் போய்க் காட்டுகிறேன். ஏற்றுமதி நூல் கோன் ஒன்று நிகர எடை 1.89 கிலோ. ஓர் அட்டைப்பெட்டியில் 24 கோன். பெட்டிக்கு 45.36 கிலோ. எல்சி-யிலும் அப்படித்தான் இருக்கும். இங்கே மில் ஆபீசில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் பையன், பின்னம் எதற்கு என்று 45.4 என்று போட்டுவிடுவான். மொத்த எடை இன்வாய்ஸோடு சில கிலோ இடிக்கும். அந்த ஊர் வங்கி அதைக் குறை என்று எழுதும். அதற்குக் கழிக்கும் கட்டணம் சின்னதுதான். ஆனால் குறையுள்ள ஆவணத்தை ஏற்பதா வேண்டாமா என்ற உரிமை வாங்குபவர் கைக்குப் போய்விட்டது, பாருங்கள். அந்த வாரம் நூல் விலை இறங்கியிருந்தால், "கிலோவுக்கு அஞ்சு சென்ட் குறைச்சுக்கிட்டா ஏத்துக்கிறேன்" என்பார். சரக்கு சட்டோகிராம் யார்டில் வாடகை ஏறிக்கொண்டு நிற்கும். குறைக்காமல் என்ன செய்வீர்கள்? ஆட்சி மாற்றத்தால் போன பணத்தைவிட இந்தத் தசமப் புள்ளியால் போன பணம்தான் என் அனுபவத்தில் அதிகம்.

மறைந்திருக்கும் செலவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். நாலு மாத வட்டி. ஏற்றுமதிப் பணம் வராவிட்டால் ஈடு தரும் அரசு நிறுவனமான ஈசிஜிசி-யின் காப்பீட்டுத் தவணை. எல்சி-யை நம் பக்கத்து வங்கி உறுதி செய்வதற்கான கட்டணம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 2024 ஆகஸ்ட்டிலிருந்து வங்கதேசத்தவருக்கு இந்திய விசா மிகக் குறைவாகத்தான் தருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் மருத்துவத்துக்கு. முன்பெல்லாம் வாங்குபவர் வேலூருக்கு அப்பாவைக் காட்ட வந்த சாக்கில் சேலம் வந்து மில்லையும் பார்த்துவிட்டுப் போவார். இப்போது எல்லாம் வாட்ஸ்அப் வீடியோவில் நடக்கிறது. புது ஆளை அப்படி நம்பி 120 நாள் கடன் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

சரக்கு திரும்பினால்? ஹோசியரி (பின்னலாடை) நூல் என்றால் திருப்பூரில் விலை கொஞ்சம் இறக்கிப் போட்டுவிடலாம். இது பெரிய ஆறுதல்.

துணியாக அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வங்கதேசம் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து 2026 நவம்பர் 24-ல் வெளியேறுவதாக நாள் குறித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இப்போதுள்ள சலுகை 2029 வரை தொடரும். அதற்கப்புறமும் வரிச் சலுகை வேண்டுமென்றால் துணியை அங்கேயே நெய்து, அங்கேயே தைக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு நூல் பரவாயில்லை, வெளிநாட்டுத் துணி ஆகாது. நீண்ட காலத் திட்டம் போடுகிறவர் நூலோடு நிற்பது நல்லது.

சேலை அனுப்பலாமா என்று கேட்பவருக்கு என் பதில்: வேண்டாம். அவர்களிடம் டாங்கைல், ஜாம்தானி என்று சொந்த நெசவு இருக்கிறது, அதில் ரோஷமும் இருக்கிறது. மேற்கு வங்கத்துக்கு டாங்கைல் சேலை என்று இந்தியா புவிசார் குறியீடு கொடுத்ததற்கு 2024 தொடக்கத்தில் அங்கே எவ்வளவு கூச்சல்! அது ஹசீனா ஆட்சியில், இரு அரசும் தோளில் கை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது.

இலங்கை: வாசல் மூடாது, டாலர்தான் கவலை

இலங்கையோடு நமக்கு நில எல்லை இல்லை. நடுவில் இருப்பது கடல் எல்லை, அதில் மீனவர் கைதும் கச்சத்தீவுப் பேச்சும் ஓயவில்லை. ஆனால் அதனால் ஒரு கண்டெய்னர் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. தூத்துக்குடியில் ஏற்றினால் கொழும்பு ஏறக்குறைய ஒரு நாள் பயணம்.

2024 செப்டம்பரில் அநுர வந்தபோது பழைய ஆட்கள் பலர் தயங்கினார்கள். காரணம் அவருடைய கட்சி. 1980-களின் இறுதியில் இந்தியப் பொருட்களைக் கடையில் வைக்காதே என்று மிரட்டிய ஜேவிபி அது. ஆனால் பதவிக்கு வந்தபின் அவர் முதல் வெளிநாட்டுப் பயணமாக அந்த டிசம்பரில் டெல்லிக்குத்தான் வந்தார். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு போனார். கட்சியின் பழைய சரித்திரத்தைவிட, திவாலான நாட்டுக்கு 2022-ல் கைகொடுத்த அண்டை வீட்டுக்காரர் யார் என்பது கனமான கணக்கு.

அங்கே கதவு சாத்தப்படுவது பகையால் அல்ல, பணத் தட்டுப்பாட்டால். 2020-ல் டாலரைக் காப்பாற்ற இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022 ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் 300 வகைப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தினார்கள். பிறகு படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஆகவே இலங்கைக்கு அனுப்புகிறவர் அரசியல் பக்கத்தை விட்டுவிட்டு அந்நியச் செலாவணிக் கையிருப்புச் செய்தியைப் படித்தால் போதும். 2025 டிசம்பரில் டாலர் 300 இலங்கை ரூபாய்க்குச் சற்று மேலே நின்றது. நவம்பர் கடைசியில் அடித்த டிட்வா புயலின் சேதத்தால் இறக்குமதிக்கு நெருக்கடி வருமா என்பதை அடுத்த ஓரிரு மாதம் கவனிக்க வேண்டும்.

இளம்பிள்ளைச் சேலைக்கு இதுதான் சரியான இடம் என்பேன். வாங்குபவர் தமிழ் பேசுகிறார், மாதிரி பார்த்து முந்தானையும் பார்டரும் சொல்கிறார், யாழ்ப்பாணத்துக் கல்யாண சீசன் நமக்குப் புரிகிற சீசன். மொத்த வியாபாரம் கொழும்பு புறக்கோட்டையில். ஆளும் எளிதாக வந்து போகலாம். நாகப்பட்டினம், காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சின்னக் கடைக்காரர்கள் பையில் கொண்டுபோகும் அளவே தனிச் சந்தை. அதை ஏற்றுமதி என்று சொல்ல முடியாது, ஆனால் எந்த நிறம் போகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இல்லை.

மறைந்த செலவு வரியில் இருக்கிறது. வாட் 18 சதவீதம். அதற்கு மேல் துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி, சரக்கைப் பொறுத்து செஸ். 1998-ல் கையெழுத்தான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆனால் சலுகை கிடைக்காத பட்டியல் நீளம். உங்கள் சரக்கின் எச்எஸ் குறியீடு (சுங்கத்தில் சரக்கு வகையைக் குறிக்கும் எண்) அதில் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்.

இந்த வரிச்சுமையால் ஒரு பேச்சு வரும், வராமல் இருக்காது: "இன்வாய்ஸில பாதி விலை போடுங்கண்ணே, மீதியை உண்டியல்ல அனுப்பிவிடுறம்." உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் வழி. முதல் இரண்டு முறை ஒழுங்காக வரும். மூன்றாவது முறை வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஈசிஜிசி இன்வாய்ஸில் உள்ள தொகைக்குத்தான் பொறுப்பு. ஜிஎஸ்டி கணக்கும் வங்கிக் கணக்கும் இடிக்கும்போது நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். புதிதாக இறங்குகிற பலர் மாட்டுவது இங்கேதான். கொஞ்சம் ஆர்டர் போனாலும் போகட்டும், முழு விலைக்கு இன்வாய்ஸ், பாதி முன்பணம் என்று ஆரம்பத்திலேயே நின்றுவிடுங்கள்.

ஏற்காட்டில் காப்பிக்கு நடுவே மிளகுக் கொடி விட்டிருப்பவர்களுக்கு இலங்கை வேறு முகம் காட்டும். அதே உடன்படிக்கையில் ஆண்டுக்கு 2,500 டன் மிளகு தீர்வையின்றி இங்கே வர வழி இருக்கிறது. மலிவு மிளகு கொட்டுகிறது என்ற புகாரில்தான் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். உறவு இனித்தால் எல்லாருக்கும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. இளம்பிள்ளைக்கு நல்லது சேர்வராயன் மலைக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நேபாளம்: கையில் ரூபாய், எல்லை தூரம்

நேபாளத்தின் பெரிய கவர்ச்சி நாணயம். 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். பணம் நம் ரூபாயிலேயே வரும், டாலர் ஏறி இறங்குகிற தலைவலி இல்லை. 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, நேபாளம், பூட்டான், இலங்கைக்காரர்களுக்கு வர்த்தகத்துக்காக ரூபாயில் கடன் தர நம் வங்கிகளை அனுமதிப்பதாக அறிவித்தது. வங்கதேசம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள். விசாவும் தேவையில்லை, வாங்குபவர் நினைத்தால் ரயிலேறி சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கலாம்.

சிக்கல், நேபாளத்துக்கு நில எல்லையைத் தவிர நடைமுறையில் நமக்கு வேறு வழியில்லை என்பது. பெரும்பாலான சரக்கு பீகாரில் ரக்சால் தாண்டி பீர்கஞ்ச் போகிறது. ஜோக்பனி, சுனௌலியும் உண்டு. 2015 செப்டம்பரில் அவர்களுடைய புது அரசியல் சாசனத்தை எதிர்த்து மாதேசி மக்கள் எல்லையில் உட்கார்ந்தபோது நாலு மாதத்துக்கு மேல் லாரி நின்றது. 2025 செப்டம்பர் கலவரத்தில் அடைப்பு சில நாள்தான். ஆனால் வந்த நேரம் பாருங்கள், தசைன் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு. வருட வியாபாரத்தில் பெரும்பங்கு அந்தச் சமயத்தில்தான் நடக்கும். அடைப்பு எத்தனை நாள் என்பதைவிட எந்த நாள் என்பதில்தான் நஷ்டம் இருக்கிறது.

லிபுலேக், காலாபானி வரைபடத் தகராறு பற்றிக் கேட்கிறார்கள். 2020-ல் புது வரைபடம் வெளியிட்டார்கள். 2025 நவம்பரில் அதைப் போட்டு நூறு ரூபாய் நோட்டும் வெளியிட்டார்கள். அந்த நோட்டு வந்த பிறகும் ரக்சாலில் லாரி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சரக்கு விஷயத்தில் அதை மறந்துவிடலாம்.

சேலத்திலிருந்து ரக்சால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். சூரத்துக்காரர் நம்மைவிடக் கிட்டத்தில் இருக்கிறார், அவருடைய சிந்தெடிக் சேலை விலைக்கு நம்மால் இறங்க முடியாது. தீஜ் பண்டிகைக்குச் சிவப்புச் சேலை என்று குறிப்பாகக் கேட்டு வருகிற ஆர்டர் இருந்தால் செய்யுங்கள். பொதுச் சரக்கோடு போய் மோத வேண்டாம். ஜவ்வரிசி அப்படியில்லை. விரத நாளில் சாபுதானா அங்கேயும் உண்டு, சேலம் சரக்குக்கு வடக்கே ஏற்கனவே பெயர் இருக்கிறது, மூட்டை கெடுகிற பண்டமும் அல்ல. பத்து நாள் ரக்சாலில் நின்றாலும், முடியாவிட்டால் பாட்னாவிலோ கான்பூரிலோ இறக்கிவிடலாம்.

நாலாவது வழி: நீங்கள் அனுப்பாமல் இருப்பது

கொல்கத்தாவிலோ சென்னையிலோ உள்ள ஏற்றுமதி வியாபாரிக்கு விற்றுவிட்டு ரூபாயை வாங்கிக்கொள்வதும் ஒரு வழிதான். லாபம் மெலியும், வாங்குபவர் பெயர் உங்களுக்குத் தெரியாமலே போகும். ஆனால் எல்லை அடைபட்டால் தூக்கம் கெடுவது அவருக்குத்தான். நாலு மாதம் பணம் முடங்கினால் தறிக்காரருக்குக் கூலி கொடுக்க முடியாது என்ற நிலையில் இருப்பவர் யோசிக்காமல் இதை எடுக்கலாம். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

ஒரே பார்வையில்

| | வங்கதேசம் | இலங்கை | நேபாளம் |
|---|---|---|---|
| நமக்கான வாசல் | சட்டோகிராம் துறைமுகம். நூலுக்கு நில எல்லை அடைப்பு | கொழும்புத் துறைமுகம் | ரக்சால் முதலிய நில எல்லை மட்டும் |
| எதனால் அடைபடும் | உள்ளூர் நூற்பாலைகளின் எதிர்ப்பு, அரசியல் சூடு | டாலர் தட்டுப்பாடு | எல்லையோரக் கிளர்ச்சி, கலவரம் |
| பணம் | டாலர், 90 முதல் 120 நாள் எல்சி | டாலர் அல்லது ரூபாய், முன்பணம் பேசலாம் | இந்திய ரூபாய் |
| மறைந்த செலவு | வட்டி, ஆவணக் குறை, யார்டு வாடகை | அடுக்கு வரி, உண்டியல் வலை | நீண்ட லாரி வாடகை, பண்டிகைத் தவறு |
| ஆள் வந்து போவது | கடினம் | எளிது | மிக எளிது |
| பொருந்தும் சரக்கு | ஹோசியரி நூல் | சேலை, சின்ன அளவில் ஜவ்வரிசி | ஜவ்வரிசி, சிவப்புச் சேலை ஆர்டர் |

யார் எதை எடுக்கலாம்

நூல் மில்லுக்கு வங்கதேசத்தை விட்டால் அந்த அளவுக்கு வாங்குகிற கடை பக்கத்தில் வேறில்லை. கண்டெய்னர் கணக்கில் அனுப்ப முதல் இருந்து, எல்சி-யை நம் வங்கி உறுதி செய்துகொடுத்தால் போகலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நாலாவது வழிக்குப் போய்விடுங்கள். மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கே கட்டி வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். புது அரசு வந்து நில எல்லைத் தடையை நீக்கினாலும் கடல் வழியை விட்டுவிடாதீர்கள். அந்த மனு கொடுத்த ஆலைக்காரர்கள் எங்கும் போய்விடவில்லை.

இளம்பிள்ளைக்காரர் முதலில் இலங்கை. ஒரே ஒரு புறக்கோட்டைக் கடையை நம்பாமல், யாழ்ப்பாணத்தில் ஒருவர், கொழும்பில் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஆர்டருக்கு அவர்களையே இங்கே வரச் சொல்லுங்கள். வருகிற ஆள் பெரும்பாலும் பணம் கொடுக்கிற ஆள்.

ஜவ்வரிசிக்கு நேபாளம், ஆனால் நேரடியாகக் காத்மாண்டுக் கடையோடு பேசாமல் பீர்கஞ்ச் மொத்த வியாபாரியோடு பேசுங்கள். சுங்கத்தில் சரக்கு மதிப்பைத் தங்கள் பட்டியல்படி ஏற்றிப் போடும் பழக்கம் உண்டு. அதோடு மல்லுக்கட்டுவது அவர் வேலையாக இருக்கட்டும். அவரிடம் எக்சிம் கோடு (இறக்குமதி செய்வதற்கான நேபாளப் பதிவெண்) இருக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டு வாங்கி வையுங்கள்.

மூவருக்கும் 2025 டிசம்பரிலிருந்து நாலு மாத நாள்காட்டி முக்கியம். வங்கதேசத்தில் பிப்ரவரி 12 தேர்தல், அடுத்த வாரமே ரம்ஜான் நோன்பு, மார்ச் 20-ஐ ஒட்டி ஈத். அந்தச் சமயத்தில் ஆலைகளும் வங்கிகளும் ஒரு வாரம் ஓய்ந்துவிடும். எல்சி-யில் ஆவணம் கொடுக்கும் கடைசி நாள் அந்த வாரத்தில் விழாமல் பார்த்து, திறக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். நேபாளத்தில் மார்ச் 5 தேர்தல், அதற்கு முன்பே ஹோலி. தேர்தல் நேரத்தில் எல்லையை இரண்டு மூன்று நாள் மூடி வைப்பது அங்கே வழக்கம், அதற்கு முன்னும் பின்னும் வரிசை நீளும். ரக்சாலுக்குப் போகிற லாரி பிப்ரவரி 25-க்குள் எல்லை தாண்டாது என்று தெரிந்தால் சேலத்திலேயே நிறுத்தி வைத்து, மார்ச் 8-க்குப் பிறகு கிளப்புங்கள்.